என் வீட்டில் பார்வையாளர் நேரம்

எங்க வீட்டுக் கக்கூஸ் கதவுல ‘கழிப்பறை’ன்னு கொட்டை எழுத்துல ஒட்டினது என் பையன்தான். கீழே படம் வேற. முதல் நாள் அதைப் பாத்துட்டு, “ஏண்டா, இது வீடா, பஸ் ஸ்டாண்டா?”ன்னு கேட்டேன். “அப்பாவுக்காகம்மா”ன்னான்.

அப்பாவுக்கு, அதாவது எங்க வீட்டுக்காரருக்கு, மறதி நோய். சாவியை எங்க வச்சோம்னு தேடுற மறதி இல்லை. சாவியைக் கையில வச்சுக்கிட்டு இது எதுக்குன்னு யோசிக்கிற மறதி. போன மழைக்காலத்துல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். நல்ல வேளை, எலும்பு எதுவும் முறியலை. ஆனா சேதி கேட்ட உடனே பையன் லீவு போட்டுட்டு ஓடி வந்துட்டான். அவன் தூர ஊர்ல ஒரு பெரிய ஃபாக்டரியில சேஃப்டி ஆபீசர். யார் கை மெஷினுக்குள்ள போகுது, யார் ஹெல்மெட் போடலைன்னு பாக்குறதுதான் உத்தியோகம். “அவருக்கு ஏத்த மாதிரி வீட்டைக் கொஞ்சம் மாத்திக்கோங்க”ன்னு டாக்டர் சொன்னார். அந்தக் ‘கொஞ்சம்’ மட்டும் இவன் காதுல விழலை.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒரே ஒரு படி. அது ஓரத்துல மஞ்சளும் கறுப்புமா டேப் ஒட்டினான். சுவர் முழுக்க ஸ்டீல் கைப்பிடி. வெள்ளைத் தரையில வெள்ளைக் கோப்பை அப்பா கண்ணுக்குத் தெரியாதுன்னு கக்கூஸுக்குச் சிவப்பு மூடி. பூப்போட்ட கால்மிதியைப் பூச்சின்னு நினைச்சு அவர் நசுக்க ஆரம்பிச்சதால, கால்மிதி எல்லாம் போச்சு. கண்ணாடியில தெரியுற கிழவனோட “யார்யா நீ, என் பாத்ரூம்ல?”ன்னு சண்டைக்குப் போனதால கண்ணாடியும் போச்சு. இப்பல்லாம் எவர்சில்வர் மூடியைப் பாத்துத்தான் நான் தலை வாருறேன். கேஸ் வால்வுக்குப் பூட்டு, கத்தி டிராயருக்குப் பூட்டு, மருந்து அலமாரிக்குப் பூட்டு, எல்லாச் சாவியும் என் கழுத்துல. என் சேலைகளை அவர் இழுத்து இழுத்துத் தரையில போட்டு அதுல கால் மாட்டிக்கிறார்னு, பெட்டியோட மேல் வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிடுச்சு.

வாசக்கதவுதான் அவனோட பெரிய சாதனை. அப்பா ரெண்டு தடவை கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டார். அதனால கதவுக்குச் சுவர் கலர்லயே பெயிண்ட் அடிச்சான். உள்பக்கக் கைப்பிடியைக் கழட்டிட்டு, என் தலைக்கு மேல எட்டிப் பிடிக்கிற உயரத்துல நம்பர் அழுத்துற பூட்டு வச்சான். பெயிண்ட் காய்ஞ்சதும் ஹால்ல நின்னு பாத்தேன். நாலு பக்கமும் சுவர். “எப்படிம்மா? கதவு இருக்கிறதே தெரியலைல்ல?”ன்னு சந்தோஷமாக் கேட்டான். தெரியலைதான்.

“உனக்கும் வயசாச்சு, நீயும் விழுந்து வச்சா யாரு பாக்குறது?”ன்னு எனக்கு ரப்பர் அடி வச்ச வெள்ளை ஷூ வாங்கித் தந்தான். பூப்போட்ட துணி கட்டினா அப்பா பூவைக் கிள்ள வர்றார்னு, வெளிர் நீலத்துல பெரிய பை வச்ச கவுன் அரை டஜன். கடைசியா ஹால் மூலையில ஒரு கேமராவை மாட்டிட்டு, கண் கலங்கி, காலைத் தொட்டுட்டு ஊருக்குப் போனான். கெட்டவன் இல்லை. பாசக்காரப் பய. அவனைத் திட்டவும் முடியாம, மெச்சவும் முடியாம நான் உள்ள நின்னேன்.

இனிமேதான் கூத்து. எங்க வீட்டுக்காரர் வேலை பாத்தது மருந்து கம்பெனியில. ரெப். தோல் பையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கின மனுஷன். டாக்டர் கூப்பிடுற வரைக்கும் வராந்தா நாற்காலியில காத்துக் கிடக்கிறதே பாதி வேலை. கைப்பிடி, கதவுக்குக் கதவு போர்டு, வழவழன்னு வெறுந்தரை, டெட்டால் வாசனை, இது எல்லாம் சேந்தா அவருக்கு என்ன தோணும்? சேஃப்டி ஆபீசருக்கு அது தெரியலை. எனக்கும்தான் தெரியலை.

ஒரு நாள் காலையில பாத்தா, கக்கூஸுக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, தலையணையை மடியில பை மாதிரி வச்சுக்கிட்டு, சட்டையை உள்ள விட்டு, ஜம்முன்னு உக்காந்திருக்கார்.

“என்னங்க, இங்க உக்காந்திருக்கீங்க?”

எழுந்து நின்னார். அழகாச் சிரிச்சார். “குட் மார்னிங் சிஸ்டர். டாக்டர் உள்ள இருக்காரா? எனக்கு முன்னாடி எத்தனை பேர்?”

நான் வாய் விட்டுச் சிரிச்சுட்டேன். அவரும் மரியாதைக்குக் கூடச் சிரிச்சார். நின்னபடியே பேன்ட் நனைஞ்சு தரையில ஓடினதைப் பாத்தப்பதான், எவ்வளவு நேரமா அடக்கிக்கிட்டு உள்ள கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தார்னு எனக்கு உறைச்சுது.

அதுலேர்ந்து நான் சிஸ்டர். கொஞ்ச நாள் அவர் ரெப்பா இருந்தார். அப்புறம் நோயாளி ஆயிட்டார். “எப்ப சிஸ்டர் டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க?”ன்னு காலையும் மாலையும் கேட்பார். ஒண்ணு சொல்லணும், நர்ஸுங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு அவருக்கு நல்லாத் தெரியும். அவங்க மனசு வச்சாத்தானே டாக்டரைப் பாக்க முடியும்? அதனால தேனா பேசுவார். மாத்திரை கொடுத்தா “சிரமம் கொடுக்குறேன்.” தலை துவட்டினா “உங்க கை ராசியான கை.” காபி கொடுத்தா “ஆஹா, எங்க வீட்டுல கூட இப்படிக் கிடைக்காது.” அடப்பாவி மனுஷா! எங்க வீட்டுக் காபிதான்யா அது!

கட்டினதுலேர்ந்து என்னை அவர் கூப்பிட்டது வாயாடின்னுதான். “ஏ வாயாடி, சட்டை எங்க?” “வாயாடி, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசேன்டி.” என் சொந்தப் பேரை அவர் சொல்லிக் கேட்டது கல்யாணப் பத்திரிகை படிச்சப்ப மட்டும்தான். அந்த வாயாடி இப்ப எங்க போனா? என் வீட்டுல, என் கையாலேயே சாப்பிட்டுட்டு, அவர் யாரோ ஒரு சிஸ்டருக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறார். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. யார் மேலன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க.

ஒரு நாள் அவரே கேட்டார். “சிஸ்டர், என் வீட்டுக்காரி ஏன் என்னைப் பாக்கவே வர மாட்டேங்குறா? கோபமா இருக்காளா?”

அதுக்கு மேல தாங்கலை. “யோவ், நான்தான்யா உன் பொண்டாட்டி! நல்லாப் பாரு!”ன்னு பக்கத்துல போய் அவர் கன்னத்தைப் பிடிச்சேன். அவர் மெதுவா என் கையை எடுத்து விட்டார். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க சிஸ்டர்”ன்னார். “நான் கல்யாணமானவன்.”

சமையலறைக்குள்ள போய்ச் சிரிச்சேன். சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துடுச்சு.

மறுநாள் வெறி பிடிச்ச மாதிரி எல்லாத்தையும் பிச்சுப் போட்டேன். போர்டு, படம், டேப், ஒண்ணு விடலை. பழைய பூப்போட்ட திரையை மாட்டினேன். ஷூவைக் கட்டிலுக்கு அடியில வீசிட்டு, டீச்சர்கிட்டேர்ந்து ஒரு சேலையை வாங்கிக் கட்டிக்கிட்டேன். இது வீடு, நான் பொண்டாட்டி, என்ன ஆகுதுன்னு பாத்துடுவோம்னு உக்காந்தேன். என்ன ஆகும்? கக்கூஸ் தெரியாம சமையலறை மூலையில போனார். அதைக் கழுவிட்டுத் திரும்புறதுக்குள்ள படி தெரியாமக் காலை வச்சு முன்னாடி சாய்ஞ்சார். ஓடிப் போய்த் தாங்கினதுல என் மணிக்கட்டு பிசகிடுச்சு. என் மேல விழுந்து கிடந்தபடியே அவர் கேட்டார், “உங்களுக்கு அடி படலையே சிஸ்டர்?”

உடனே போன் அடிச்சுது. கேமராவுல பாத்துட்டான். “அம்மா! டேப் எங்கம்மா? ஏம்மா இப்படிப் பண்ற?”

“டேப்பா? தின்னுட்டேன்டா”ன்னு போனை வச்சேன். வச்சுட்டு, வீங்கின கையால எல்லாத்தையும் திரும்ப ஒட்டினேன். வேற வழி? போர்டு இருந்தா நான் சிஸ்டர். போர்டு இல்லைன்னா அவர் தரையில.

மேல் வீட்டு டீச்சரைப் பத்திச் சொல்லணும். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. தனிக்கட்டை. அந்தம்மா சாயங்காலம் வந்து அவர் பக்கத்துல உக்காந்து குறுக்கெழுத்துப் போட்டாத்தான் நான் கடைகண்ணிக்குப் போக முடியும். ஒரு நாள் எனக்குக் கண் டாக்டர்கிட்ட போக வேண்டியிருந்துச்சு. முக்குக் கடைக்குன்னா கவுனோடவே ஓடிட்டு வந்துடுவேன்; அவ்வளவு தூரம் நீலக் கவுனோட ரோட்டுல நடக்க முடியுமா? மேல போய், என் பெட்டியைத் திறந்து, கத்திரிப்பூக் கலர் சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டேன். அவங்க வீட்டு ஆளுயரக் கண்ணாடியில என்னைப் பாத்து, அட, இன்னும் இருக்கியான்னு கேட்டேன்.

திரும்பி வர்றப்ப கையில ஆரஞ்சுப்பழப் பை. டீச்சர் கதவைத் திறந்தாங்க. அவர் சாய்வு நாற்காலியில இருந்து நிமிர்ந்து பாத்தார்.

“வாடி வாயாடி! இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?”

என் கையில இருந்த பை நழுவிடுச்சு. ஒரு ஆரஞ்சு உருண்டு அவர் கால்கிட்டப் போச்சு. “இன்னும் பொறுப்பே வரலை பாரு”ன்னு டீச்சரைப் பாத்துச் சொன்னார்.

நான் போய் எதிர்ல உக்காந்தேன். பயந்து பயந்துதான் உக்காந்தேன், அசைஞ்சா கலைஞ்சிடுமோன்னு. அவர் பாட்டுக்குப் பேசுறார்! சமையலறைக் குழாய் ஒழுகுதே, ஆளைக் கூப்பிட்டியா? பையன் ஒழுங்கா வேலைக்குப் போறானா? ஏன்டி இப்படி இளைச்சுட்ட, சாப்பிடுறதே இல்லையா? பழத்தை உரிச்சு, நாரை எடுத்து, அவரே எனக்கு ஒரு சுளை கொடுத்தார். அப்புறம் குனிஞ்சு ரகசியமா, “இங்க ஒரு நர்ஸ் இருக்கா. நல்லவதான். ஆனா சரியான சிடுமூஞ்சி.”

“யாரு சிடுமூஞ்சி?”ன்னு எகிறினேன்.

“உன்னையா சொன்னேன்? உனக்கு ஏன்டி கோபம் வருது?”

டீச்சரைக் கண்ணால காட்டி, “பக்கத்து பெட்டு. பாவம், மறை கழண்ட கேஸ்”ன்னார். டீச்சர் குறுக்கெழுத்துலேர்ந்து தலையைத் தூக்காமலே, “காது நல்லாக் கேக்கும்”னாங்க.

எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. இந்த வீட்டுக்குள்ளயே இருக்கிற வரைக்கும் நான் சிஸ்டர்தான். வெளியிலேர்ந்து, சேலை கட்டி, கையில பையோட வந்தாத்தான் பொண்டாட்டி. ஆஸ்பத்திரின்னா அப்படித்தானே? சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும். தினம் சாயங்காலம் வந்து இவர்கூட இருக்க முடியுமான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். “தினம் இந்த நாடகத்துக்கு நான் வேஷம் கட்டணுமா?”ன்னாங்க. ஆனா தினமும் வந்தாங்க.

சாயங்காலம் டீச்சர் இறங்கி வந்ததும் நான் மேல ஏறுவேன். கவுனை அவுத்துப் போட்டு, முகம் கழுவி, தினம் ஒரு சேலை. கையில பிஸ்கட்டோ பழமோ. என் வீட்டுக் காலிங் பெல்லை நானே அடிச்சுட்டு நிப்பேன். சிரிக்காதீங்க, அந்த நிமிஷம் எனக்கு, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த படபடப்பு. எல்லா நாளும் பலிக்காது. சில நாள் யாரோ மாதிரி பாப்பார். பல நாள் “வாடி”ன்னுவார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நேரம் எல்லாம் நான் சிஸ்டரா இருந்தேன். துடைச்சேன், கழுவினேன், ஊட்டினேன், ராத்திரி முழிச்சேன். அது மட்டும் போதும்னு இருந்துச்சு.

பையன் போன் பண்ணினான். “அம்மா, தினமும் ஏன் போயிட்டுப் போயிட்டு வர்ற? அப்பா முன்னாடி கதவை அடிக்கடி திறக்காத. கதவு அங்க இருக்குன்னு பழகிட்டார்னா நான் பண்ணினதெல்லாம் வேஸ்ட்.”

“உங்கப்பாவைப் பாக்கத்தான்டா போறேன்”னேன். அவனுக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை.

ஆனா அவன் சொன்னது பாதி சரி. அவர் கவனிக்க ஆரம்பிச்சுட்டார். வாயாடி போனதும் எழுந்து, அவ மறைஞ்ச இடத்துக்குப் போய்ச் சுவரைத் தடவுவாராம். டீச்சர் சொன்னாங்க. தடவித் தடவிப் பாத்துட்டு, குழம்பிப் போய்த் திரும்பி வந்து உக்காருவாராம்.

அப்புறம் ஒரு நாள், நான் உக்காந்ததும் என் மணிக்கட்டைப் பிடிச்சார். இறுக்கி.

“மெதுவாப் பேசு. அந்த நர்ஸ் காதுல விழும்.”

“சொல்லுங்க.”

“இங்க வந்தவங்க யாரும் வெளிய போறதில்லைடி. நான் பாத்துட்டேன். கதவே இல்லை.”

“இருக்குங்க. நான் இப்ப எப்படி வந்தேன்?”

“உள்ள வர்றதுக்கு விடுறாங்க. அந்த நர்ஸைப் பாரு. வந்தப்ப நல்லாத்தான் இருந்தா. டியூட்டி முடிஞ்சு அவ வீட்டுக்குப் போய் நான் பாத்ததே இல்லை. காலையில கண்ணைத் திறந்தா அவதான். ராத்திரி எழுந்தாலும் அவதான். ஒரு நாள் சமையலறையில நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. நான் பாத்தேன், கேக்கலை. அவளைப் பிடிச்சு வச்சுட்டாங்கடி. உன்னையும் வச்சுக்குவாங்க. நீ இனிமே இங்க வராத.”

டீச்சர் குறுக்கெழுத்துப் பேப்பரை மடிச்சு வச்சுட்டாங்க.

மேல போய் உடுப்பை மாத்திக்கிட்டு இறங்கி வந்தேன். மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கிக்கலை.

“சிஸ்டர், ஒரே ஒரு உதவி. என் வீட்டுக்காரி நாளைக்கு வருவா. வேண்டாம்னு சொன்னாக் கேக்குற ஜாதி இல்லை. நீங்க அவளை உள்ள விடாதீங்க.”

“சரி, மாத்திரையைப் போடுங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மாத்திரை உள்ள போகணுமேன்னு சொன்ன சத்தியம். விடிஞ்சா எல்லாம் மறந்திருப்பார்னு நினைச்சேன். சாப்பிட்டதை மறக்குறார், பையன் முகத்தை மறக்குறார். இது மட்டும் எப்படி நிக்கும்? மறுநாள் சாயங்காலம் வழக்கம் போல மேல போனேன். அவருக்குப் பிடிச்ச பச்சைச் சேலையைக் கட்டினேன். பெல் அடிச்சேன்.

என்னைப் பாத்ததும் அவர் முகம் செத்துப் போச்சு. அப்படி ஒரு பயத்தை அவர் முகத்துல நான் பாத்ததே இல்லை. “சிஸ்டர்!”னு கத்தினார். “சிஸ்டர், இவ வந்துட்டா! சிஸ்டர், எங்க போயிட்டீங்க?” கைப்பிடியைக் கூடப் பிடிக்காம எழுந்து ஓடி வந்தார். என் தோளைப் பிடிச்சுச் சுவர் பக்கமாத் தள்ளினார். ஒரு கையால என்னைத் தள்ளிக்கிட்டே இன்னொரு கையால கதவைத் தேடுறார். சுவரைத் தட்டுறார், குத்துறார். “எங்கடி வழி? எந்தப் பக்கம்டி வந்த?” விரல் முட்டியெல்லாம் ரத்தம். “போயிடுடி, போயிடுடி”ன்னு அழுறார். டீச்சர் பின்னாலேர்ந்து அவர் இடுப்பைப் பிடிச்சுக்கலைன்னா விழுந்திருப்பார்.

நானே எட்டி நம்பரை அழுத்தினேன். கதவு திறந்துச்சு. அவர் என்னை வெளிய தள்ளி, தன் உடம்பு முழுக்கச் சாச்சு அதை மூடினார்.

மாடிப்படியில நின்னேன். எதிர்ல ஜன்னல், கீழே ரோடு, பஸ் போகுது, ஜனங்க போறாங்க. என்னைத் தடுக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. உள்ள அவர், “சிஸ்டர், சிஸ்டர்”னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். ஓடி மேல போய்ச் சேலையை உருவி எறிஞ்சுட்டு, கவுனை மாட்டிக்கிட்டு, ஷூ கயிறு கூடக் கட்டாம இறங்கினேன். உள்ள போனதும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். மருந்து போட விட்டார்.

அடுத்த நாள் டீச்சர் வந்தாங்க. நான் மேல போகலை. அவர் நாற்காலியைச் சுவர் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கதவு இருக்கிற இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். நான் கஞ்சியை ஆத்திக்கிட்டே பக்கத்துல உக்காந்தேன்.

“வந்தாளா சிஸ்டர்?”

“வந்தாங்க. நான் உள்ள விடலை.”

மூச்சை நீளமா விட்டார். தோள் ரெண்டும் இறங்குச்சு. “அழுதாளா?”ன்னார்.

“இல்லை. உங்களையும் என்னையும் சேத்து வச்சு வாய் நிறையத் திட்டிட்டுப் போனாங்க.”

சிரிச்சார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். “அப்ப நல்லாத்தான் இருக்கா”ன்னார். “பஸ் கிடைச்சுதா அவளுக்கு?”

“கிடைச்சுது. ஜன்னலோர சீட்டு. நான் இங்கேர்ந்தே பாத்தேன்.”

வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன்.